கோப்பிப் பாதை முதல் கொள்கலன் முனையம் வரை: இலங்கையில் பொருட் போக்குவரத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1. பிரச்சினை

வளர்முக நாடுகளின் பொருளாதார நலிவுக்குக் காரணங்கூறப் புகுவோர் அண்மைக்காலத்தில் அடிக்கடி எடுத்தாளும் தொடர் 'விநியோகச் சங்கிலி' என்பதாகும். ஒரு பண்டம் உற்பத்தியாகும் இடத்திலிருந்து நுகரப்படும் இடம்வரை கடந்துசெல்லும் வழி, அவ்வழியில் அமைந்த களஞ்சியங்கள், சந்தைகள், துறைமுகங்கள், வாகனங்கள், கடன் ஏற்பாடுகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே சுட்டுவதற்கு இத்தொடர் பயன்படுகின்றது. வீதிகள் போதா, குளிர்க்களஞ்சியங்கள் இல்லை, துறைமுகங்களில் தாமதம், அறுவடைக்குப் பின்னான சேதம் மிகுதி என்பன பொதுவாகச் சொல்லப்படும் குறைகள். மூலதனமும் தொழில்நுட்பமும் கொண்டு இவற்றை நீக்கிவிட்டால் வளர்ச்சி தானாகவே வந்தெய்தும் என்பது இக்கூற்றுகளின் உட்கிடை.

இக்குறைகள் உண்மையானவையே. அவற்றை மறுப்பது நமது நோக்கமன்று. ஆயின், ஒரு வீதியோ புகையிரதப் பாதையோ துறைமுகமோ வெறுங் கல்லும் இரும்பும் அன்று. யாருடைய பண்டத்தை, எத்திசையில், யாருடைய உழைப்பால், யாருடைய செலவில் கொண்டுசெல்ல அது அமைக்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடைகாணாத எந்த ஆய்வும் பிரச்சினையின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். போக்குவரத்தை உற்பத்தியின் புறத்தே நிற்கும் ஒரு சேவையாக மார்க்ஸ் கருதவில்லை. பண்டத்தை இடம்பெயர்த்தல் உற்பத்தி நிகழ்முறையின் தொடர்ச்சியே என்றும், அங்கும் உழைப்பு செலவிடப்படுகின்றது, அங்கும் மதிப்புப் பிறக்கின்றது என்றும் 'மூலதனம்' நூலின் இரண்டாம் பாகத்தில் அவர் விளக்கியுள்ளார். எனவே போக்குவரத்தின் வரலாறும் உற்பத்தி உறவுகளின் வரலாறே ஆகும். இக்கண்ணோட்டத்தில், இலங்கையின் ஏறத்தாழ இருநூற்றாண்டு அனுபவத்தை இக்கட்டுரை சுருக்கமாக நோக்குகின்றது.

2. குடியேற்ற ஆட்சிக்கு முந்திய வழிகள்

கண்டி இராச்சியத்தில் பண்டங்கள் அசையவில்லை என்று கருதுவது தவறு. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மலைநாட்டுக்குச் சென்றன. மலைநாட்டிலிருந்து பாக்கும் பிற விளைபொருள்களும் கீழிறங்கின. பொதிமாடுகளின் தொடராகிய 'தவளம்' இவ்வாணிகத்தின் பிரதான சாதனமாக விளங்கியது. முஸ்லிம் வணிகர் இதில் கணிசமான பங்கு வகித்தனர். ஆயினும் பாதைகள் ஒடுங்கியவையாகவும் கடப்பதற்கு அரியனவாகவும் இருந்தன. இது அறியாமையின் விளைவன்று. கரையோரத்தைக் கைப்பற்றியிருந்த ஐரோப்பியப் படைகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளக் காட்டையும் கணவாயையும் அரணாகக் கொண்ட ஓர் இராச்சியத்துக்கு அகன்ற வீதி என்பது ஆபத்தின் வாயிலாகவே தோன்றியிருக்கும்.

வடபுலத்தில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தின் புகையிலை கடல்வழியே திருவிதாங்கூருக்குச் சென்றது. பாக்குநீரிணை இரு கரைகளையும் பிரிக்கும் எல்லையாக அன்றி, இணைக்கும் வழியாகவே நெடுங்காலம் இயங்கியது. கொழும்பை மையமாகக் கொண்ட ஒரே நாட்டுச் சந்தை அன்று இருக்கவில்லை. வெவ்வேறு வட்டாரங்கள் வெவ்வேறு கரைகளை நோக்கி இயங்கின. இவ்வுண்மையை மனத்திற்கொண்டாலன்றிப் பின்னர் நேர்ந்த மாற்றத்தின் முழுப்பரிமாணம் புலனாகாது.

3. வீதியும் கட்டாய உழைப்பும்

1815 இல் கண்டி வீழ்ந்தது. 1817–18 இல் எழுந்த பெருங்கிளர்ச்சியை அடக்கிய ஆட்சியாளர் மலைநாட்டுக்குள் படைகளை விரைந்து செலுத்தும் தேவையை உணர்ந்தனர். கொழும்பு–கண்டி வீதி இத்தேவையினின்றும் பிறந்தது. எட்வேர்ட் பார்ன்ஸின் பெயர் இவ்வீதியோடு இணைத்துப் போற்றப்படுவதுண்டு. கடுகண்ணாவையில் பொறியியலாளர் டோசனுக்கு ஒரு கோபுரமும் உண்டு. பாறையைப் பிளந்த கரங்களுக்கு நினைவுச்சின்னம் எதுவும் இல்லை. அக்கரங்கள் இராஜகாரிய முறையின்கீழ்க் கூலியின்றித் திரட்டப்பட்ட கிராமத்தவருடையவை. நிலமானிய அமைப்பில் நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக வழங்கப்பட்ட சேவையை, நிலத்தோடு தொடர்பற்ற ஒரு ஏகாதிபத்திய அரசு தன் வீதிக்காகப் பயன்படுத்திக்கொண்டது. பழைய சமூக உறவு புதிய பொருளாதாரத்துக்குப் படிக்கல்லாக்கப்பட்டமைக்கு இது தக்க சான்றாகும்.

கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் விதந்துரைப்பைத் தொடர்ந்து 1832 இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. தாராளவாதச் சீர்திருத்தமாக இது பாராட்டப்படுவது வழக்கம். ஆனால் பதினாறே ஆண்டுகளின் பின், 1848 இல், வீதிக் கட்டளைச் சட்டம் ஒன்று கொணரப்பட்டது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆடவனும் ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடான பணத்தைச் செலுத்துதல் வேண்டும் என்பதே அதன் சாரம். சுமத்தப்பட்ட வேறு வரிகளோடு இதுவுஞ் சேர்ந்து, அவ்வாண்டின் மாத்தளைக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டான். கோப்பித் தோட்டங்கள் பெருகிய அதே காலத்தில், அத்தோட்டங்களின் விளைவைக் கொண்டுசெல்லும் வீதிகளுக்குக் கிராமத்து விவசாயியின் உடலுழைப்பு வரியாகக் கேட்கப்பட்டது என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

கோப்பி வீதிவழியே கீழிறங்கிற்று. மாட்டுவண்டிகள் கோப்பி மூடைகளோடு கொழும்புக்கு வந்து, அரிசி மூடைகளோடு மீண்டும் மலையேறின. அந்த அரிசியை உண்ணவேண்டிய தொழிலாளரோ வண்டியில் வரவில்லை. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், அங்கிருந்து வன்னியின் காடுகளினூடாகத் தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தனர். மலேரியாவும் வாந்திபேதியும் பசியும் அவ்வழியில் அவர்களைக் காவுகொண்டன. உயிர்தப்பித் தோட்டத்தை அடைந்தவருக்கு வழிச்செலவு கங்காணியின் கணக்கில் கடனாகக் காத்திருந்தது. தோட்டம் வழங்கிய அரிசியின் விலையும் சம்பளத்தினின்றும் கழிக்கப்பட்டது. ஆக, தன்னைக் கொண்டுவந்த வழிக்கும், தனக்கு உணவு வந்த வழிக்கும் தொழிலாளியே விலைகொடுத்தான்.

அரச அறிக்கைகள் வண்டிகளையும் மூடைகளையும் எண்ணின. நடந்து மாண்டோரைப் பற்றிய மக்கள் பக்கச் சான்று வாய்மொழி இலக்கியத்திலேதான் பெரிதும் எஞ்சியுள்ளது. மலையக நாட்டார் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்தமையின் பெறுமதி இலக்கிய நயத்தோடு முடிந்துவிடுவதன்று. கடல் கடந்தமை, கங்காணி காட்டிய ஆசைவார்த்தை, பற்றுக்கணக்கு முதலானவை பற்றிய அப்பாடல்களைப் பொருளாதார வரலாற்றின் மூல ஆவணங்களாகவும் நாம் கொள்ளுதல் வேண்டும்.

4. புகையிரதமும் துறைமுகமும்

கோப்பியின் அளவு பெருகப் பெருக வண்டிப் போக்குவரத்து அதற்கு ஈடுகொடுக்க இயலாததாயிற்று. வண்டிக்கூலி தோட்ட முதலாளியின் இலாபத்தை அரித்தது. 1854 இல் அமைக்கப்பட்ட தோட்ட உரிமையாளர் சங்கம் புகையிரதப் பாதையைத் தன் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாக்கிற்று. 1858 இல் ஆளுநர் ஹென்றி வார்ட் பணியைத் தொடக்கிவைத்தார். 1864 இல் அம்பேபுசைவரை ஓடிய புகையிரதம் 1867 இல் கண்டியை எட்டியது. இதன்பின் பாதை நீண்ட திசையை நோக்கினால் அதன் வர்க்க இயல்பு தெளிவாகும். 1874 இல் நாவலப்பிட்டி, 1880 இல் மாத்தளை, 1885 இல் நானுஓயா, 1894 இல் பண்டாரவளை, ஈற்றில் 1924 இல் பதுளை. தோட்டம் சென்ற வழியே தண்டவாளமும் சென்றது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும் பாதையின் திசை மாறவில்லை. பண்டம் மாறியது, வழி மாறவில்லை.

துறைமுகத்தின் கதையும் இத்தகையதே. கப்பல்கள் முன்னர் காலியிலேயே பெரிதும் தங்கின. சுயெஸ் கால்வாய் 1869 இல் திறக்கப்பட்டமையும், புகையிரதம் கொழும்பில் வந்து முடிந்தமையும் நிலைமையை மாற்றின. 1875 இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்பணை 1885 இல் நிறைவுற்றது. காலி படிப்படியாகத் தன் முதன்மையை இழந்தது. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. தோட்டம், புகையிரதம், பண்டகசாலை, ஏலம், கப்பல் என்னும் முழுத்தொடரும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் ஒருங்கிணைந்தது. இன்றைய மொழியிற் கூறின், உலகத்தரம் வாய்ந்த விநியோகச் சங்கிலி ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்நாட்டில் இயங்கிற்று. எனவே இலங்கையில் இத்தகைய திறமை என்றுமே இருந்ததில்லை என்பது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்றாகும். ஒரு பண்டத்துக்கு, ஒரு திசையில், ஒரு வர்க்கத்துக்கு அது இருந்தது.

அதேவேளை நெல் விளைவித்த விவசாயியின் நிலை யாது? தானியவரி 1892 இல் ஒழிக்கப்படும்வரை அவன் அதனைச் செலுத்திவந்தான். 1880களில் வலப்பனைப் பகுதியில் வரிசெலுத்த இயலாதோரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. மலையுச்சித் தோட்டத்துக்குத் தண்டவாளம் ஏறிய அதே தசாப்தத்தில், அம்மலையின் அடிவாரத்து விவசாயி தன் வயலை இழந்துகொண்டிருந்தான்.

வடபகுதிக்குப் புகையிரதம் 1905 இலேயே முழுமையாக வந்துசேர்ந்தது. 1914 இல் தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டதும், நடந்துவந்த தொழிலாளர் வண்டியில் ஏற்றப்பட்டு வரலாயினர். மனிதாபிமானம் இதில் ஓரளவு இருந்திருக்கலாம். வழியில் இறந்துபோகும் தொழிலாளி முதலீட்டு இழப்பு என்ற கணக்கும் இருந்தது.

5. மார்க்சின் எதிர்பார்ப்பும் இலங்கையின் அனுபவமும்

இவ்விடத்திற் கோட்பாட்டு முக்கியத்துவமுடைய ஒரு வினா எழுகின்றது. 1853 இல் 'நியூயோர்க் டெய்லி டிரிபியூன்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில், இந்தியாவில் அமைக்கப்படும் புகையிரதப் பாதைகள் காலப்போக்கில் நவீன கைத்தொழிலுக்கு முன்னோடியாக அமையும் என மார்க்ஸ் எதிர்பார்த்தார். இரும்பும் நிலக்கரியும் உள்ள நாட்டில் இயந்திரத்தைப் புகுத்தியபின், அவ்வியந்திரங்களை ஆக்குவதினின்றும் அந்நாட்டை நெடுங்காலம் தடுத்துவைக்க இயலாது என்பது அவர் வாதம். மக்கள் அதன் பயனைத் துய்க்க வேண்டுமாயின் அரசியல் அதிகாரம் மாறவேண்டும் என்பதையும் அவர் கூறத் தவறவில்லை.

இலங்கையில் அக்கைத்தொழில் தோன்றவில்லை. நிலக்கரியற்ற இத்தீவுக்குத் தண்டவாளமும் இயந்திரமும் பிரித்தானியாவிலிருந்தே வந்தன. பழுதுபார்க்கும் தொழிற்சாலை உருவாயிற்று, ஆக்கும் தொழிற்சாலை உருவாகவில்லை. இதனைக் கொண்டு மார்க்சின் கருத்துப் பொய்த்தது என்பார் உளர். ஆயின் புகையிரதமும் துறைமுகமும் இந்நாட்டில் வேறொன்றை உற்பத்தி செய்தன என்பதை அவர்கள் காணத் தவறுகின்றனர். அது நகர்ப்புறத் தொழிலாளர் வர்க்கம். 1906 இல் கொழும்பின் வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். 1912 இல் புகையிரதத் தொழிலாளர் செய்தனர். 1920 இல் புகையிரதத்திலும் துறைமுகத்திலும், 1923 இல் பொது வேலைநிறுத்தமாகவும், 1927 இல் மீண்டும் துறைமுகத்திலும் போராட்டம் வெடித்தது. குமாரி ஜயவர்த்தன இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி பற்றிய தம் ஆய்வில் இவற்றை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பண்டங்கள் வந்து குவியும் முனையிலேயே தொழிலாளர் திரண்டமை தற்செயலன்று. ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் குரல்வளை அங்கேயே இருந்தது. அதனை அழுத்தும் ஆற்றல் தமக்குண்டு என்பதை வண்டிக்காரரும் சுமைதூக்குவோரும் அனுபவத்தால் அறிந்தனர்.

6. அரிசியின் வழி

ஏற்றுமதிக்கென அமைந்த தொடரின் மறுபக்கம் அரிசி இறக்குமதியாகும். இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியே நாட்டின் தேவையில் பெரும்பங்கை நிறைவுசெய்தது. செட்டிமார் முதலிய வணிக சமூகத்தவர் இவ்வாணிகத்தை நடத்தினர். 1942 இல் பர்மா யப்பானியர் வசமானபோது இவ்வமைப்பு ஒரே அடியில் நொறுங்கியது. பங்கீட்டு முறையும், கூட்டுறவுக் கடைகளின் துரித பெருக்கமும் அந்நெருக்கடியின் விளைவுகளாகும். வணிகரிடம் விடப்பட்டிருந்த உணவு விநியோகம் அரசின் பொறுப்பு என்ற கருத்து அன்று வேரூன்றியது.

சுதந்திரத்தின் பின் இக்கருத்து இருமுறை சோதனைக்குள்ளாயிற்று. முதலாவது, 1952 டிசம்பரில் மக்கள் சீனத்தோடு செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தம். கொரியப் போர் தூண்டிய ஏற்றம் தணிந்தபின் இறப்பர் விலை வீழ்ந்து, அரிசி விலை ஏறியிருந்த வேளையில், அமெரிக்காவின் கடும் அதிருப்தியையும் பொருட்படுத்தாது, பண்டத்துக்குப் பண்டம் என்ற அடிப்படையில் ஒரு வலதுசாரி அரசாங்கமே இவ்வுடன்படிக்கையைச் செய்ய நேர்ந்தது. உலகச்சந்தை விதித்த வழியைத் தவிர வேறு வழிகளும் உண்டு என்பதை இது காட்டியது.

இரண்டாவது, 1953 இன் ஹர்த்தால். பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி மக்கள் கடைகளை அடைத்தனர், வண்டிகளை நிறுத்தினர், பல இடங்களில் தண்டவாளங்களையே பெயர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவ்வாண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். தேயிலையையும் இறப்பரையும் தடங்கலின்றி இறக்கிய வழிகளை, அரிசிக்காக மக்கள் மறித்தனர் என்பதே அந்நாளின் வரலாற்றுப் பொருள்.

7. அரசுடைமையும் அதன் எல்லையும்

1956 இன் பின்னான ஆட்சிமாற்றம் போக்குவரத்தின் உடைமையில் பெரும் மாற்றங்களைக் கொணர்ந்தது. 1958 இல் பேருந்துச் சேவையும் கொழும்புத் துறைமுகத்தின் சரக்குக் கையாளுகையும் தேசியமயமாக்கப்பட்டன. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமந்தோறும் பரவின. 1971 இல் நெற் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. 1970–77 காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ளூர் விளைபொருளுக்குச் சந்தையை உறுதிசெய்தது.

இக்கொள்கையால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டச் செய்கையாளர் பெரும்பயன் பெற்றனர். சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் லொறிகளிலும் புகையிரதத்திலும் தெற்கே சென்றன. முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய வன்னிப் பகுதிகளில் படித்த வாலிபரும் மிளகாய்ச் செய்கையில் ஈடுபட்டனர். கொழும்பிலிருந்து வடக்கே பண்டத்தையும் உத்தியோகத்தரையும் கொணரும் வழியாகவே பெரிதும் கருதப்பட்ட பாதை, உற்பத்தியாளனின் பண்டம் தெற்கே செல்லும் வழியாகவும் அக்காலத்திலேயே சிறப்புற இயங்கியது. 1977 இல் திறந்த பொருளாதாரம் புகுத்தப்பட்டதும் இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் அச்சந்தையைக் குலைத்தன.

எனினும் அக்காலத்தை இலட்சிய காலமாகக் காட்டுதல் விஞ்ஞான நோக்காகாது. அரிசியைத் தனியார் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கு விதிக்கப்பட்ட தடைகளும், வீதிச் சோதனைகளும், நீண்ட வரிசைகளும் மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டன. கூட்டுறவுச் சங்கங்கள் பல, உறுப்பினரின் ஆளுகையிலிருந்து விலகி, ஆளுங் கட்சியினதும் அதிகாரிகளினதும் கருவிகளாயின. உடைமை அரசினதாகிய போதும் முடிவெடுக்கும் அதிகாரம் விளைவித்தவனிடமோ உண்பவனிடமோ வரவில்லை. சமூகவுடைமையின் பெயரால் பணிக்குழு ஆதிக்கம் நிலைபெற்றமையே, 1977 இல் திறந்த சந்தை என்ற முழக்கம் மக்களிடையே எடுபடக் காரணமாயிற்று. முற்போக்கு இயக்கத்தினர் இதனை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

8. மூடப்பட்ட வழியும் திறக்கப்பட்ட வழியும்

போக்குவரத்து வழி அதிகாரத்தின் கருவி என்பது போர்க்காலத்தில் எவ்வித மறைப்புமின்றி வெளிப்பட்டது. 1990 ஜூனில் வடக்குக்கான புகையிரத சேவை நின்றது. எரிபொருள், உரம், மின்கலம், சீமெந்து முதலிய பல பொருள்கள் வடபகுதிக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டது. மக்கள் உயிரைப் பணயம்வைத்துக் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்தனர். மண்ணெண்ணெயில் வாகனங்கள் ஓடின. துவிச்சக்கரவண்டி பாரவண்டியாயிற்று. ஏ9 வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே அது நிலையாகத் திறபட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டது.

பாதை திறந்தமை மக்களுக்கு நிம்மதியளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வழியே முதலில் வந்தவை எவை என்று நோக்குதல் வேண்டும். தெற்கின் மொத்த வணிகப் பண்டங்களும், வங்கிக் கிளைகளும், குத்தகைக் கடன் நிறுவனங்களும், நுண்கடன் முகவர்களும் விரைந்து வந்தனர். இருபதாண்டு முற்றுகையில் மூலதனத்தையும் களஞ்சியத்தையும் வாகனத்தையும் இழந்திருந்த உற்பத்தியாளன், சமமற்ற நிலையில் அப்பெருஞ் சந்தையோடு இணைக்கப்பட்டான். குறிப்பாகப் பெண்களைத் தலைவர்களாகக் கொண்ட குடும்பங்கள் பல நுண்கடனில் மூழ்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டு வீதி செய்த வேலையை, இருபத்தோராம் நூற்றாண்டில் ஏ9 வேறு வடிவிற் செய்தது எனலாம்.

9. இன்றைய முரண்பாடு

கொழும்புத் துறைமுகம் 2018 இல் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடிக் கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. இவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, பெரும்பாலும் இந்தியத் துறைமுகங்களோடு தொடர்புடைய, கப்பல் மாற்றிச் செல்லும் சரக்காகும். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010 இல் திறக்கப்பட்டு, 2017 இல் 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகையாகச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. உலகப் போக்குவரத்தின் முனையில் நாம் நிற்கின்றோம் என்ற பெருமிதம் அரச உரைகளில் இடம்பெறாத நாளில்லை. ஆனால் 2021 இறுதியிலும் 2022 இலும் நிகழ்ந்தது யாது? அரிசி, சீனி, பருப்பு முதலிய உணவுப் பண்டங்கள் அடங்கிய கொள்கலன்கள், செலுத்த டொலர் இன்மையால், அத்துறைமுகத்திலேயே பெருந்தொகையாகத் தேங்கிக் கிடந்தன. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருள் வரிசைகளில் மனிதர் இறந்தனர். பாரந்தூக்கிகளில் எக்குறையும் இருக்கவில்லை. ஏற்றுமதிப் பயிரிலும் வெளிநாட்டு ஊழியரின் உழைப்பிலும் கடனிலும் தங்கிய ஒரு பொருளாதாரத்தின் குறை அது.

உள்நாட்டுச் சந்தையிலும் இதே முரண்பாட்டைக் காணலாம். மலைநாட்டு மரக்கறியும் வடக்கின் விளைபொருளும் 1999 இல் அமைக்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் வந்து கூடுகின்றன. பண்டம் விரைவில் அழுகும், விவசாயியிடம் களஞ்சியம் இல்லை, லொறிக் கூலி அன்றே செலுத்தப்படல் வேண்டும். ஆகவே விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் காத்திருக்கக் கூடியவனிடமே செல்கின்றது. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என வியாபாரிகள் கழித்துக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் குரலெழுப்பி வந்துள்ளனர். வழியில் நேரக்கூடிய சேதத்தை, அது நேருமுன்னரே, உற்பத்தியாளன் தலையில் சுமத்தும் ஏற்பாடு இது. அறுவடைக்குப் பின்னான சேதம் என்று புள்ளிவிவரங்கள் கூறும் இழப்புக்கு வர்க்கச் சார்பு உண்டு என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொழில்நுட்பத்தை மட்டும் புகுத்தும் முயற்சிகள் தடுமாறுவதும் இதனாலேயே. 2011 இறுதியில், மரக்கறி, பழங்களைச் சாக்குகளிலன்றிப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றிச்செல்ல வேண்டுமென அதிகாரிகள் கட்டாயப்படுத்தினர். கூடை சேதத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதனை வாங்குபவர் யார், வெறுங் கூடை திரும்பிவரும் செலவை ஏற்பவர் யார், கூடையால் லொறியிற் குறையும் கொள்ளளவின் இழப்பு யாரைச் சாரும் என்ற வினாக்களுக்கு விடை கூறப்படவில்லை. தம்புள்ளையில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆணை தளர்த்தப்பட்டது. இதனை மக்களின் அறியாமை என்று விளக்குவோர், செலவின் பங்கீடு பற்றிய வினாவைத் தவிர்த்துவிடுகின்றனர்.

10. வாய்ப்புகள்

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? வரலாறு சில திசைகளைச் சுட்டுகின்றது.

முதலாவது, புகையிரதம். தோட்ட முதலாளிக்காக அமைந்த பாதை இன்று பொதுச் சொத்து. ஆயினும் சரக்குப் போக்குவரத்தில் அதன் பங்கு மிகச் சிறிது. எரிபொருள் இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி தேடி அலையும் நாட்டில், வெங்காயமும் நெல்லும் மரக்கறியும் லொறியிலேயே செல்லவேண்டுமென்ற நியதி இல்லை. 1970களில் அப்பாதை வடக்கின் விளைவைத் தெற்கே கொண்டுசென்றமையை மீண்டும் நினைவுகூரலாம்.

இரண்டாவது, களஞ்சியம். 2025 ஏப்ரலில் தம்புள்ளையில் இந்திய உதவியோடு 5,000 தொன் கொள்ளளவுடைய குளிர்க்களஞ்சியம் தொடக்கிவைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதன் திறப்பு எவர் கையில் இருக்கும் என்பதே தீர்மானகரமான வினா. விளைவித்தவன் தன் பண்டத்தை வைத்துக் காத்திருக்க அது இடந்தருமாயின் பேரத்தின் வலு அவன்பக்கம் சாயும். மொத்த வணிகன் விலையேறும்வரை பதுக்க அது இடந்தருமாயின், பழைய உறவு குளிரூட்டப்பெற்றுப் பாதுகாக்கப்படும், அவ்வளவே.

மூன்றாவது, கூட்டுறவு. 1936 இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலையையே நிறுவிய மரபு வடபுலத்துக்கு உண்டு. கட்சியினதோ அதிகாரியினதோ கருவியாகாது, உறுப்பினரின் கணக்காய்வுக்கும் தெரிவுக்கும் உட்பட்ட உற்பத்தியாளர் சங்கங்கள், லொறியையும் களஞ்சியத்தையும் சந்தைத் தகவலையும் தம் கையில் எடுப்பின், 'கழிவு' கேட்கும் துணிவு யாருக்கும் வராது. தேயிலைக் கொழுந்தைத் தலைமுறைகளாகப் பறித்தும் சுமந்தும் வந்த மலையக மக்களுக்கு, அக்கொழுந்து ஏலத்தில் பெறும் விலைமீது எக்காலத்தும் அதிகாரம் இருந்ததில்லை. நிலவுரிமையோடு இவ்வதிகாரமும் அவர்களது கோரிக்கையாக எழுதல் வேண்டும்.

நான்காவது, பாக்குநீரிணை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியமை, கொழும்பு வழியன்றி வேறு வழியில்லை என்ற நூற்றாண்டு நியதியில் ஒரு சிறு விரிசலாகும். ஆனால் அதே கடலில் இழுவைப்படகுகளால் வலையும் வாழ்வும் இழக்கும் வடபுல மீனவனை மறந்து அமைக்கப்படும் எவ்வழியும் மீண்டும் ஒரு வர்க்கத்தின் வழியாகவே முடியும்.

நாம் நோக்கிய இருநூற்றாண்டுகளில் வீதியும் தண்டவாளமும் துறைமுகமும் மேன்மேலும் செம்மையுற்றன. ஆயின் இராஜகாரியத்தில் பாறையுடைத்தவன், மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவள், கிளாலியில் படகேறியவர், தம்புள்ளையில் விலைக்காகக் காத்து நிற்பவர் ஆகியோரின் நிலை, வழியின் செம்மைக்கு ஏற்ப உயரவில்லை. அவர்தம் நிலை உயர்ந்த சில சந்தர்ப்பங்கள் உண்டு. 1923 இலும் 1953 இலும் போல, பண்டத்தை அசைப்போரும் உண்போரும் ஒன்றுதிரண்டு வழிமீது உரிமை கோரிய சந்தர்ப்பங்கள் அவை. இந்நாட்டின் விநியோகப் பிரச்சினையை ஆராயப் புகும் பொறியியலாளரும் பொருளியலாளரும் தம் கணிப்புகளோடு இவ்வரலாற்றையும் சேர்த்துக் கணித்தல் வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.